உஷார்! நிரப்பிய கேள்வித்தாள்களைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்

மார்ச் பிறந்துவிட்டால் கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. சமூகவியல், சமூகப்பணி, உளவியல், அரசியல் அறிவியல் என்று முதுகலை இறுதியாண்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் கட்டுக்கட்டாக நிரப்பிய கேள்வித்தாள்கள். கடைக்காரர் கட்டைப் பிரித்து எண்ணுவார், ஒரு தொகை சொல்வார். "வெள்ளிக்கிழமை வாங்கம்மா. எஸ்.பி.எஸ்.எஸ் போட்டு, டேபிள், சார்ட், விளக்கம் எல்லாம் சேர்த்து நாலாவது சாப்டரா கொடுத்துடுறோம்." பிள்ளையின் முகத்தில் மூன்று மாதமாகக் குடியிருந்த கவலை அந்த நொடியே இறங்கிவிடும்.

உஷார்! ஆபத்து ஆரம்பிக்கும் இடம் அதுதான்.

நான் ஆராய்ச்சி முறையியல் பாடம் நடத்துகிறவன். "கணக்கு வராதுன்னுதான் சார் இந்தப் படிப்புக்கே வந்தேன்" என்ற பேச்சை ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பிலேயே கேட்டுவிடுவேன். அதில் பொய் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறி, பதினொன்றில் கணக்கு இல்லாத குரூப்பாகப் பார்த்துச் சேர்ந்து, இளங்கலையையும் கட்டுரை எழுதியே கடந்து வந்த பிள்ளைகள் அவர்கள். முதுகலையில் திடீரென்று திட்ட விலக்கமும் ஒட்டுறவும் கை ஸ்கொயரும் எதிரே வந்து நின்றால் உள்ளங்கை வியர்க்கத்தான் செய்யும். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பயம் உங்களை எங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவள் எடுத்துக்கொண்ட பொருள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட பிறகு தனியாக வாழும் முதியோரின் தனிமை உணர்வு. தன் ஊரிலும் பக்கத்து மூன்று ஊர்களிலும் வீடு வீடாகப் போய் 120 முதியோரைச் சந்தித்தாள். டவுன் பஸ், நடை, வெயில். சில வீடுகளில் கேள்வித்தாளை நிரப்ப ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் தாத்தா பாட்டிகள் அவளை விடவில்லை. ஒரு பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததாகச் சொல்லி இவளும் என் முன்னால் கண் கலங்கினாள். இவ்வளவும் செய்தவள், கேள்வித்தாள் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அதைத் திறக்கவே இல்லை. என்னிடம் வந்து கேட்கவும் இல்லை. நேரே எதிர்க் கடைக்குப் போய்விட்டாள்.

வைவா நாள். வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் நிதானமான மனிதர். ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் வயதுப் பட்டியலில் நின்றார். "ஏம்மா, உன் ஊர்ல 99 வயசுல பன்னிரண்டு பேர் இருக்காங்களா?"

அவள் விழித்தாள். 120 பேரின் முகமும் அவளுக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் 99 வயதில்லை என்றும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலை அவள் அன்றுதான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்க்கிறாள்.

நடந்தது இதுதான். பன்னிரண்டு முதியோருக்குத் தங்கள் வயது சரியாகத் தெரியவில்லை. பதில் இல்லாத இடத்தில் 99 என்று ஒரு குறியீட்டை இடுவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். கடையில் இருந்த பையனும் 99 என்று அடித்திருக்கிறான். அடித்த பிறகு "இது வயதல்ல, பதில் இல்லை என்பதற்கான அடையாளம்" என்று எஸ்.பி.எஸ்.எஸ் என்ற அந்தப் புள்ளியியல் மென்பொருளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதை அவன் சொல்லவில்லை. மென்பொருள் என்ன செய்யும்? பன்னிரண்டு பேரையும் தொண்ணூற்றொன்பது வயதுக்காரர்களாகவே எடுத்துக்கொண்டது. வயது சொன்ன 108 பேரின் சராசரி 68. பொய்யான அந்தப் பன்னிரண்டும் சேர்ந்ததும் அது 71.1 ஆகிவிட்டது. வயதுக்கும் தனிமைக்கும் தொடர்பு உண்டா என்று அடுத்தடுத்துப் போட்ட கணக்கு எல்லாமே இந்த 71.1-இன் மேல் கட்டப்பட்டவை. கல்லூரி மாணவர்களைப் பற்றிய ஆய்வாக இருந்திருந்தால் 99 கண்ணை உறுத்தியிருக்கும். முதியோர் ஆய்வில் அது சத்தமில்லாமல் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்கு வயிற்றெரிச்சல் தந்தது இது மட்டுமல்ல. அசல் கேள்வித்தாள்களை வாங்கிப் பார்த்தேன். வயது தெரியாத ஒரு பாட்டியின் தாளில், ஓரத்தில், இவள் தன் கையால் குறித்து வைத்திருந்தாள்: 'எம்.ஜி.ஆரைச் சுட்ட வருஷம் கல்யாணம். அப்போ வயசு 17 இருக்கும் என்றார்.' எம்.ஜி.ஆர் சுடப்பட்டது 1967 ஜனவரியில். அப்படியென்றால் பாட்டி பிறந்தது ஏறக்குறைய 1950. வயது எழுபதுகளின் நடுவில். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். பிறந்த தேதி தெரியாதவர்களிடம் ஊரறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்கு முன்னா பின்னா என்று கேட்டு வயதைக் கணிப்பார்கள். அதைத் தன்னையறியாமல் அவளே செய்திருக்கிறாள்! களத்தில் உட்கார்ந்து கேட்டவளுக்குத் தெரிந்த இந்தச் செய்தி, கடையில் உட்கார்ந்து எண்களை மட்டும் அடித்தவனுக்கு எப்படித் தெரியும்? ஓரக் குறிப்பைப் படிக்க அவனுக்கு என்ன அவசியம்?

ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி கொடுக்கச் சொன்னார்கள். வேலையில் சேர வேண்டிய மாதம் தள்ளிப்போனது. நாங்கள் இருவரும் நான்கு மாலைகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். ஓரக் குறிப்புகளை வைத்துப் பன்னிரண்டு பேருக்கும் வயதைக் கணித்துச் சேர்த்தபோது சராசரி 68.6 என்று வந்தது. அவள் பயந்து ஒதுக்கிய வேலை, மொத்தமே நான்கு மாலைகள்தான்.

தம்பி, தங்கைகளே, உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பயம் என்று நினைக்காதீர்கள். உலகம் முழுக்க இருக்கிறது. இதை அளக்கவே 1985-இல் ஓர் அளவுகோல் உண்டாக்கினார்கள். முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு வரை இந்தப் பதற்றத்தால் அவதிப்படுவதாக 2003-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு மதிப்பிட்டது. அந்த அளவுகோல் பயத்தை ஆறாகப் பிரிக்கிறது. பரீட்சை பயம், முடிவைப் படித்துச் சொல்லப் பயம், எனக்குக் கணக்கு வராது என்ற எண்ணம், இதனால் என்ன பயன் என்ற அலட்சியம், ஆசிரியரைக் கண்டு பயம். ஆறாவது, உதவி கேட்கப் பயம். என் அனுபவத்தில் கெடுதல் செய்வது இந்த ஆறாவதுதான். மற்ற ஐந்தும் ஒருவரை மெதுவாக நடக்க வைக்கும், அவ்வளவே. உதவி கேட்கப் பயப்படுகிற பிள்ளைதான் கல்லூரிக்குள் இருக்கும் ஆசிரியரைத் தாண்டி வெளியே கடைக்குப் போகிறது. கடைக்காரர் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்க மாட்டார். அவருக்குப் பணம் வந்தால் போதும். அதனாலேயே அங்கே நிம்மதியாக இருக்கிறது.

ஆசிரியர்கள் பக்கமும் தவறு இருக்கிறது. அதை மறைக்க நான் தயாரில்லை. "போய் எஸ்.பி.எஸ்.எஸ் போட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்புகிற கைடுகள் நம்மிடையே இருக்கிறார்கள். எங்கே போவது, யாரிடம் போடுவது என்று அந்தப் பிள்ளை கேட்காது. கேட்காது என்பது நமக்கும் தெரியும்.

கடைக்குப் போன டேட்டா அதோடு நிற்பதில்லை. வேறொரு ஊருக்கு நான் எக்ஸ்டர்னலாகப் போயிருந்தபோது ஓர் ஆய்வேட்டின் அட்டவணை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பழைய ஆய்வேடுகளைத் துழாவினேன். வேறு கல்லூரி, வேறு ஆண்டு, வேறு தலைப்பு. ஆனால் எண்கள் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம் வரைக்கும் ஒன்றேதான். முதல் பிள்ளை வெயிலில் அலைந்து சேர்த்ததை யாரோ இரண்டாவது பிள்ளைக்கு விற்றிருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் இருவருமே பதில் சொல்ல வேண்டும். அசல் யாருடையது என்று யார் நிரூபிப்பது? அதோடு, விளக்கம் என்ற பெயரில் கடையில் ஒட்டித் தரும் பக்கங்கள் பெரும்பாலும் பழைய ஆய்வேடுகளிலிருந்து வெட்டி எடுத்தவை. கருத்துத் திருட்டுக்கு எதிரான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் மாணவரின் பதிவையே ரத்து செய்யலாம்.

இன்னொன்றை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. சமூக அறிவியல் மாணவர்கள் யாரிடம் போய்க் கேள்வி கேட்கிறார்கள்? கணவனிடம் அடிவாங்கும் பெண்களிடம், எச்.ஐ.வி தொற்றோடு வாழ்கிறவர்களிடம், கந்துவட்டிக்குக் கடன் வாங்கியவர்களிடம், திருநங்கையரிடம். "நீங்க சொல்றது வெளியே போகாதுக்கா, படிப்புக்காக மட்டும்தான்" என்று வாக்குக் கொடுத்துத்தான் பதில் வாங்குகிறோம். பிறகு அந்தத் தாளை, பெயரும் தெருவும் கைபேசி எண்ணும் அப்படியே இருக்க, முன்பின் தெரியாத ஒரு கடையின் மேசையில் வைத்துவிட்டு வருகிறோம். கடை கம்ப்யூட்டரில் அது எத்தனை ஆண்டு கிடக்கும், யார் கண்ணில் படும் என்று யாருக்குத் தெரியும்? அந்த அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?

இதே எச்சரிக்கை செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் பொருந்தும். டேட்டா ஷீட்டை அப்படியே அதில் போட்டு "அனாலிசிஸ் பண்ணிக் கொடு" என்று கேட்பது கடைக்காரரிடம் கொடுப்பதற்குச் சமம். ஒரு சூத்திரம் புரியவில்லை என்றால் விளக்கம் கேளுங்கள், தப்பில்லை. மனிதர்களின் விவரங்களை அதில் ஏற்றாதீர்கள். அது சொல்லும் விடையைச் சரிபார்க்காமல் ஆய்வேட்டில் ஏற்றாதீர்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை சாப்டரைத் திறப்போம். அதில் என்ன இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். வயதுக்கும் தனிமைக்கும், பாலினத்துக்கும் தனிமைக்கும், சாதிக்கும் கல்விக்கும் வருமானத்துக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் தனிமைக்கும் என்று இருபது டெஸ்ட் போட்டிருப்பார்கள். உங்கள் ஆய்வுக் கேள்வி என்ன என்று யோசித்துப் போட்டவை அல்ல. மெனுவில் இருப்பதையெல்லாம் அழுத்தியதால் வந்தவை. இருபதில் ஒன்றோ இரண்டோ 'சிக்னிஃபிகண்ட்' என்று நட்சத்திரக் குறியோடு நிற்கும். அதைப் பார்த்துப் பிள்ளையும் பூரித்துப்போகும்.

அந்த நட்சத்திரத்தை நம்புமுன் இதைக் கேளுங்கள். பத்து டாஸில் ஒன்பதை ஜெயித்த ஒரு கிரிக்கெட் கேப்டனை நினைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்றே வைத்துக்கொண்டால், பத்தில் ஒன்பதோ அதற்கு மேலோ ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு? 1024-இல் 11, அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. பி மதிப்பு என்பது இதுதான். 'உண்மையில் வித்தியாசமே இல்லை' என்று வைத்துக்கொண்டு, அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகக் கண்ணில் பட எத்தனை வாய்ப்பு என்று சொல்கிற எண். அது மிகச் சிறியதாக இருந்தால் 'தற்செயல்' என்ற பேச்சை நம்பச் சிரமமாக இருக்கிறது என்கிறோம். அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. உங்கள் கருதுகோள் உண்மையாக இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. வித்தியாசம் பெரியது, முக்கியமானது என்றும் பொருள் இல்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் இதைத் தெளிவுபடுத்தி ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது என்றால், பேராசிரியர்கள்கூட இதில் எவ்வளவு தடுக்கி விழுகிறார்கள் என்று பாருங்கள். பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் 'சிக்னிஃபிகண்ட்' என்கிறார்களே, அந்த எல்லையை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ரொனால்டு ஃபிஷர் 1925-இல் எழுதிய புத்தகத்தில் வசதிக்காகச் சொன்ன அளவு அது.

நூறு கேப்டன்கள் பத்துப் பத்து டாஸ் போட்டால் அவர்களில் ஒருவர் ஒன்பதை ஜெயிப்பது அதிசயமா? இல்லையல்லவா? இருபது டெஸ்ட் போட்டால் நடப்பதும் இதுதான். எதற்கும் எதற்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், தனித்தனியான இருபது டெஸ்டுகளில் ஒன்றாவது 'சிக்னிஃபிகண்ட்' என்று பொய்யாக வந்து நிற்க 64 சதவீத வாய்ப்பு உண்டு. கடையில் கொடுத்த நட்சத்திரம் அந்தப் பொய்யா, மெய்யா? மெனுவை அழுத்தியவருக்குத் தெரியாது. முன்கூட்டியே யோசித்து இரண்டு மூன்று கேள்விகளோடு களத்துக்குப் போன உங்களால் மட்டும்தான் சொல்ல முடியும்.

கை ஸ்கொயர் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு வருகிறதே, அதை யாராவது படித்திருக்கிறீர்களா? இத்தனை கட்டங்களில் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை 5-க்கும் குறைவு என்று மென்பொருளே எச்சரிக்கிறது. கட்டங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அப்படி இருந்தால் அந்த முடிவின் மேல் பாரம் ஏற்றக் கூடாது. கடையில் அந்தக் குறிப்பை 'அழகாக இருக்கட்டும்' என்று அழித்துவிட்டே அட்டவணையை ஒட்டுகிறார்கள். நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பி மதிப்பு .000 என்று வந்தால் அது பூஜ்யம் இல்லை. மென்பொருள் மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. 0.001-ஐ விடக் குறைவு என்றுதான் எழுத வேண்டும். ஆய்வேட்டில் 'பி = 0.000' என்று கண்டதும் கடையில் போட்டது என்று எக்ஸ்டர்னல் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்.

எந்த டெஸ்டாலும் சரிசெய்ய முடியாத தவறு ஒன்றும் உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கிளறிய பானையில் அது சரி. அடியில் குழைந்து மேலே வேகாத பானையில் மேலாக ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் சோறு வேகவில்லை என்றுதான் சொல்வோம். முதியோர் ஆய்வுக்கு வங்கி வாசலில் பென்ஷன் வாங்க நிற்கிறவர்களையே 120 பேர் பிடித்தால், நடமாட முடியாமல் கட்டிலில் கிடப்பவர்களில் ஒருவர்கூட உங்கள் தாளில் வரமாட்டார். தனிமையால் அதிகம் நொந்துபோனவர்கள் அவர்கள்தானே? எந்த வீட்டுக்குப் போனோம், எந்த வீட்டை விட்டோம், ஏன் விட்டோம் என்பது களத்துக்குப் போனவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. புள்ளியியலின் பாதி அதுதான். அந்தப் பாதியை நீங்கள் ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறீர்கள். மீதிப் பாதிக்குத்தான் பயப்படுகிறீர்கள்.

மாணவனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. 2010-இல் பொருளியலாளர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன், நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும், சராசரி மைனஸ் 0.1 சதவீதம் என்பது அதன் சாரம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரசியல்வாதிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு செலவைக் குறைக்க வேண்டும் என்று பேசினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். புகழ்பெற்ற ஒரு கட்டுரையின் கணக்கைத் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். எத்தனை முறை போட்டாலும் அதே விடை வரவில்லை. அவர்தான் தப்பு செய்கிறார் என்றே முதலில் எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் கட்டுரையை எழுதியவர்களுக்கே எழுதிக் கேட்டு அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கினார். சராசரி எடுக்கும் சூத்திரம் 30-ஆவது வரியில் ஆரம்பித்து 49-இல் முடிய வேண்டியது, 44-இலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை! அதோடு சில ஆண்டுகளைச் சேர்க்காமல் விட்டதையும், நாடுகளுக்கு எடை கொடுத்த முறையையும் சரிசெய்தபோது சராசரி பிளஸ் 2.2 சதவீதம் என்று வந்தது. 2013 ஏப்ரலில் தன் பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலினோடு சேர்ந்து இதை வெளியிட்டார். மற்ற இரண்டையும் மறுத்து வாதாடினாலும், எக்செல் பிழையை ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஒப்புக்கொண்டார்கள்.

ஹெர்ண்டன் செய்ததை மறுபடி பாருங்கள். கோப்பை வாங்கினார், திறந்தார், சூத்திரம் எந்த வரியிலிருந்து எந்த வரிவரை போகிறது என்று பார்த்தார். அதற்கு வேண்டியது பொறுமை. 'இது சரியா?' என்று கேட்க வெட்கப்படாத மனம். இரண்டும் உங்களிடம் இல்லையா?

நெதர்லாந்தில் இதற்கு நேர் எதிரானது நடந்தது. டில்பர்க் பல்கலைக்கழகத்தின் சமூக உளவியல் பேராசிரியர் டீடரிக் ஸ்டாப்பெல் தன் ஆய்வுகளுக்கான டேட்டாவைத் தானே கற்பனையாகத் தயாரித்தவர் என்பது 2011-இல் அம்பலமானது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தன்னிடம் ஆராய்ச்சி செய்த மாணவர்களுக்கும் 'நான் சேகரித்து வைத்திருக்கிறேன்' என்று சொல்லித் தயாரான டேட்டாவைக் கொடுத்திருந்தார். ஒரு பாவமும் அறியாத அந்தப் பிள்ளைகளின் முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் கறை படிந்தது. யாரோ கையில் கொடுத்ததை நம்பி வாங்கினார்கள், அவ்வளவுதான். அவரைக் காட்டிக்கொடுத்ததும், எண்கள் அளவுக்கு மீறி அழகாக இருப்பதைக் கவனித்த இளம் ஆய்வாளர்கள்தான்.

சரி, என்னதான் செய்வது என்று கேட்கிறீர்கள். முதலில், பணம் கொடுத்துக் கற்பது பாவமில்லை. கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, மவுஸ் உங்கள் கையில் இருந்து, ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் போட்டால் அது டியூஷன். தாளைக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டால் அது வேறு. இந்த ஒரு கோட்டைத் தாண்டாதீர்கள்.

மென்பொருளுக்காகத் திருட்டு நகலைத் தேடி கம்ப்யூட்டரில் வைரஸ் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். ஆர், ஜாஸ்ப், ஜமோவி, பி.எஸ்.பி.பி நான்குமே இலவசம், சட்டப்படி. எஸ்.பி.எஸ்.எஸ் பழகியவருக்கு ஜமோவியும் பி.எஸ்.பி.பி-யும் சுலபமாகக் கைக்கு வரும். அந்த எஸ்.பி.எஸ்.எஸ்-ஐயே 1968-இல் உருவாக்கிய மூவரில் ஒருவர் ஸ்டான்ஃபோர்டில் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவர் நார்மன் நை. சமூக அறிவியல் மாணவருக்காகச் சமூக அறிவியல் மாணவர் செய்த கருவி அது. அதைத் தொடவே பயப்படுகிறோமே!

படிக்கத் தமிழில் புத்தகம் இல்லை என்று சொல்லாதீர்கள். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புப் புள்ளியியல் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதுகலை படிக்கிறவன் பள்ளிப் புத்தகத்தை எடுப்பதா என்று கூச்சப்பட வேண்டாம். சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் மூன்றையும் பத்துத் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு பேனாவால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கையால் ஒருமுறை போட்ட பிறகு திரையில் வரும் எண் பயமுறுத்தாது.

களத்துக்குப் போகுமுன்பே, என்ன அட்டவணை வரவேண்டும் என்று வெற்றுக் கட்டங்களாக வரைந்து கைடிடம் காட்டுங்கள். எந்தப் பதிலுக்கு என்ன குறியீடு, பதில் இல்லை என்றால் என்ன குறியீடு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெயர், தெரு, கைபேசி எண் இருக்கும் பக்கத்தைத் தனியே கழற்றி வைத்து, தாளுக்கு ஒரு வரிசை எண் மட்டும் கொடுங்கள். டேட்டாவை நீங்களே அடியுங்கள். 120 தாள் அடிக்க இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளில் ஒவ்வொரு முகமும் மறுபடி கண்முன் வரும், ஓரக் குறிப்பும் கண்ணில் படும். மாட்டிக்கொண்டால் கல்லூரியிலேயே புள்ளியியல் துறையோ கணிதத் துறையோ இருக்கும். "சார், எல்லாமே புரியல" என்று போனால் யாராலும் உதவ முடியாது. ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "இந்தக் கட்டத்தில் எண்ணிக்கை குறைவாக இருக்கிறது, இரண்டு பிரிவைச் சேர்க்கலாமா?" என்று கேட்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைக்குக் கொடுத்துவிட்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இன்னும் நேரம் இருக்கிறது. இன்றே போய் அசல் தாள்கள் அத்தனையையும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். டேட்டா கோப்பைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, கடை கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் கண்முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பைத் திறந்து வயதுப் பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். மேலே முதல் வரியில் 99 நிற்கிறதா என்று பாருங்கள்.